பௌர்ணமி அட்மின்

“நிலா ஓசியில வெளிச்சம் குடுக்குது, இவனுங்க பேட்டரிக்குக் காசு குடுத்துக்கிட்டு இருக்கானுங்க லா!”

இதைச் சொல்ல புவனேஸ்வரன் அண்ணனுக்கு மலை வேண்டியதில்லை. கல்யாணப் பந்தியில் சொல்வார். பட்டர்வொர்த் ஃபெர்ரியில், பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத சீனக் கிழவரிடம் சொல்வார். கிழவர் தமிழ் புரியாமல் மரியாதைக்குத் தலையாட்டினால், “பாத்தியா, அவருக்கே வெளங்குது” என்று எங்கள் பக்கம் திரும்புவார். ஒரு துக்க வீட்டில் பெட்டியைத் தூக்குவதற்குச் சற்று முன்னால் சொல்லி, இறந்தவரின் மகனிடம் முறைப்பும் வாங்கியிருக்கிறார்.

சொல்வதற்கு ஒரு முறை உண்டு. முதலில் தொண்டை. மழையில் நனைந்த மோட்டார் சைக்கிளைக் காலையில் உதைக்கிற மாதிரி, “க்ர்ர்... க்ர்ர்...” என்று இரண்டு உதை. மூன்றாவதில் வண்டி கிளம்பும். “நிலாஆஆ” என்று ஏற்றத்தில் இழுத்துக்கொண்டு போய், “லா!” என்று பிரேக் அடிப்பார். எங்கள் மலை நடைக் குழுவில் இதைச் செய்து காட்டத் தெரியாதவர் யாரும் இல்லை. அவர் எதிரில் மட்டும் செய்வதில்லை.

இவ்வளவு பேட்டரிப் பகை உள்ள மனிதர் பகலில் என்ன வேலை செய்தார் என்று கேட்க வேண்டும். ஜுருவில் ஒரு காடிச் சாமான், அதாவது கார் உதிரிபாகக் கடையில் ஹெட்லைட் விற்றார். இருபது வருஷத்துக்கும் மேலாக அதே கடை, அதே கவுண்டர். அங்கே அவர் குரலே வேறு. தேன் தடவிய குரல். “பாஸ், இந்த எல்இடிய போட்டுப் பாருங்க பாஸ், ராத்திரி பகலா மாறிடும் பாஸ்.” சாயங்காலம் கடை மூடிப் பினாங்குப் பாலத்தைத் தாண்டியதும் வெளிச்சத்தின் எதிரியாகிவிடுவார். எங்களோடு நடக்கும் சந்திரிகா ஒருமுறை இதை நேரடியாகவே கேட்டாள். அவள் வங்கியில் வேலை பார்ப்பவள், கேள்வி கேட்பதில் கூச்சம் கிடையாது.

“ஏண்ணே, பகல்ல லைட்ட வித்துட்டு ராத்திரி லைட்ட திட்டுறீங்களே?”

“அது வயித்துக்கு மா. இது கொள்கை.”

கொள்கை எப்படிப் பிறந்தது என்பதும் எங்களுக்குத் தெரியும். அண்ணன் பிறந்தது டத்தோ கிராமாட், படித்தது டத்தோ கிராமாட், கல்யாணம் முடித்துத் தனிக்குடித்தனம் போனது நாலு ரோடு தள்ளி அதே டத்தோ கிராமாட். ஐம்பதைத் தாண்டியதும் இனிப்பு நீர் வியாதி வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். பகலில் கடை, அதனால் சாயங்காலம் கொடிமலை ஏறினார். ஒருநாள் இறங்கும்போது டார்ச் செத்துவிட்டது. நல்ல வேளையாக அன்று பௌர்ணமி. விழாமல் கீழே வந்து சேர்ந்தார். சாதாரண மனிதன் என்றால் மறுநாள் கடைக்குப் போய் பேட்டரி வாங்கியிருப்பான். அண்ணன் வாட்ஸ்அப்பில் குழு ஆரம்பித்தார். ‘பினாங்கு பௌர்ணமி நடை’ என்று பெயர் வைத்தார். பேட்டரி வாங்க மறந்ததைத் தத்துவமாக மாற்றிய பெருமை இந்தத் தீவில் வேறு யாருக்கும் இல்லை.

குழுவில் அவர் அட்மின். இந்த ஒரு சொல்லை அவர் உச்சரிக்கும்போது முதுகு நிமிரும். “அட்மின் சொல்றேன்” என்றுதான் குரல் பதிவுகள் தொடங்கும். பார்க்கப் பாவமாகவும் இருக்கும். கடையில் முதலாளி தவுக்கேயின் மகன், மீசை முளைக்காதவன், “அங்கிள், ஸ்டோக் எங்க அங்கிள்? எத்தன தடவ கேக்குறது?” என்று கத்துவான். வீட்டில் மனைவி லோகேஸ்வரி அக்கா. அக்காவுக்கு ஒரு கிளினிக்கில் கவுண்டர் வேலை. நோயாளிகளைக் கூப்பிடும் அதே குரலில்தான் வீட்டிலும் கூப்பிடுவார்: “புவனேஸ்வரன். சாப்பாடு.” அடுத்த ஆள் வருவதற்குள் போய் உட்கார்ந்துவிட வேண்டும். மாதத்தில் ஒரே ஒரு ராத்திரிதான் அண்ணன் முன்னால் நடக்க, பின்னால் ஆட்கள் நடந்தார்கள். அவர் “நில்லுங்க” என்றால் நின்றார்கள். அவர் “லைட்ட அணை” என்றால் அணைத்தார்கள். கோகுலன் வரும் வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

கோகுலன் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஒன்றில் இன்ஜினியர். கினபாலு ஏறியவன். ஏறியதை அவன் சொல்லாமலே தெரிந்துகொள்ளலாம், ஏனென்றால் சான்றிதழை ப்ரொஃபைல் படமாக வைத்திருந்தான். எதைச் சொன்னாலும் ‘பேசிக்கலி’யில் ஆரம்பிப்பான். “பேசிக்கலி அண்ணே, சேஃப்டி முக்கியம். எல்லாருக்கும் ஹெட்லேம்ப். பேசிக்கலி, இது உயிர் சம்பந்தப்பட்டது.” பத்து பேர் கட்டைவிரல் காட்டினார்கள். காட்டியவர்களில் பாதிப் பேர் அண்ணனோடு பல வருஷமாக நடப்பவர்கள். அண்ணன் அந்தக் கட்டைவிரல்களை ஒவ்வொன்றாகத் தட்டி, யார் யார் என்று பார்த்தாராம். அக்கா பிறகு சொன்னார்.

அன்றைக்கு வந்த குரல் பதிவில் உதை இரண்டோடு நிற்கவில்லை, ஐந்து போனது.

“க்ர்ர்... அட்மின் சொல்றேன். வர்ற பௌர்ணமிக்கு எல்லாரையும் பாதி மலை கொட்டக வரைக்கும் நான் கூட்டிட்டுப் போறேன். ஒரு லைட்டு எரியாது. நம்ம கூட்டத்துல ஒரே ஒரு லைட்டு எரிஞ்சாலும் அட்மின் கோகுலனுக்கு. நான் வெலகிக்கிறேன். எரியலன்னா, இனிமே ஹெட்லேம்ப்புங்கிற வார்த்தைய எவனும் இங்க பேசக்கூடாது லா!”

“பேசிக்கலி, ஓகே” என்றான் கோகுலன்.

பந்தயம் முடிவானது. இனி வருவதுதான் எங்கள் சமூகத்துக்கே உரிய முட்டாள்தனம்.

மறுநாள் லோகேஸ்வரி அக்கா நாட்காட்டியைப் பார்த்துவிட்டார். பௌர்ணமியன்று சந்திர கிரகணம்.

“ஏங்க, அன்னிக்கி வெளிய போவாதீங்க. கிரகணம். கோயில்லயே நடைய சாத்துறாங்க, உங்களுக்கு என்ன நட?”

அக்கா சொன்னதை அண்ணன் அப்படியே குழுவில் போட்டு, பகுத்தறிவுப் பிரசங்கம் தொடங்கினார். “ராகுவாவது கேதுவாவது! நிலாவுக்கும் சூரியனுக்கும் நடுவுல பூமி வருது. பூமியோட நெழலு நிலா மேல விழுது. அவ்வளவுதான்! நெழலுக்குப் பயப்படுற கூட்டமா நாம?”

உடனே குழு இரண்டானது. கர்ப்பிணிகள் வெளியே வரலாமா என்று ஒரு வாரம். தர்ப்பைப் புல்லுக்கு அறிவியல் ஆதாரம் உண்டா என்று மூன்று நாள். ஒருவர் நாசா பெயரில் ஒரு பொய்யை அனுப்பினார், இன்னொருவர் சித்தர் பெயரில் ஒரு பொய்யை அனுப்பினார். கோகுலன் பூமி, நிலா, சூரியன் மூன்றும் சுற்றுகிற படம் அனுப்பி, “பேசிக்கலி, அண்ணன் சொல்றது கரெக்ட்” என்று பெருந்தன்மை காட்டினான். சந்திரிகா, “எங்கம்மா கேக்குறாங்க, கிரகணத்தப்போ மெகி சாப்பிடலாமா?” என்று கேட்டாள். நோன்பு மாதம் என்பதால் குழுவில் இருந்த ஃபிக்ரி மட்டும் இந்தச் சண்டைக்கு வரவில்லை, பௌர்ணமியன்று நோன்பு திறக்க வேண்டும், வரமுடியாது என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டான்.

நிலா மேல் நிழல் விழுந்தால் நிலா வெளிச்சம் தராது என்பது இத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ராகு விழுங்குகிறான் என்ற கட்சிக்கும் தோன்றவில்லை, நிழல் விழுகிறது என்ற கட்சிக்கும் தோன்றவில்லை. யார் சொல்வது சரி என்பதில் இருந்த மும்முரத்தில், இரண்டு கட்சியும் சொல்வது இருட்டு என்பதை எவரும் கவனிக்கவில்லை.

பௌர்ணமியன்று சாயங்காலம் தண்ணீர்மலை ரோட்டில் காடிகள் குறைவு. சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாள் என்பதால், நல்ல வரன் வேண்டிக் கடலில் ஆரஞ்சுப் பழம் எறிய ஊர் முழுக்கக் கடற்கரைக்குப் போயிருந்தது. மலையடிவாரப் பூங்கா வாசலில் அண்ணன் எங்களை வரிசையாக நிறுத்திப் பைகளைச் சோதித்தார். ஹெட்லேம்ப் வைத்திருந்தவர்கள் அதை அடியில் போட்டு மேலே துண்டைத் திணித்துக் காட்ட வேண்டும். புதுச் சட்டை போட்டிருந்தார், கழுத்தில் விசில். கோகுலன் பளிச்சென்ற முழுநிலாவைப் படம் பிடிக்கக் கேமரா முக்காலி கொண்டுவந்திருந்தான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு அவன் வேறு கதை சொல்வான்.

ஜீப் பாதை தார் போட்டது, ஆனால் செங்குத்து. ஏறத் தொடங்கியபோது வானத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. இரண்டு மூன்று திருப்பத்தில் மரங்கள் அதையும் எடுத்துக்கொண்டன.

“அண்ணே, இருட்டுது” என்றாள் சந்திரிகா.

“இரு மா. இப்ப வரும்.”

இன்னொரு திருப்பம். முன்னால் போகிறவரின் முதுகு தெரியவில்லை. பின்னால் யாரோ யாருடைய குதிகாலையோ மிதித்து, “அலாமா!” என்றது காதில் விழுந்தது.

“அண்ணே, வரல.”

“மேகம் மா. மேகத்துக்குப் பின்னால இருக்கு.”

மேகமே இல்லை. நட்சத்திரங்கள் எல்லாம் வந்து உட்கார்ந்திருந்தன, வழக்கத்தைவிட அதிகமாக. அது ஏன் என்றும் நாங்கள் யோசிக்கவில்லை. அடுத்த வளைவில் மரங்கள் விலகின. கீழே கடல், அக்கரையில் பட்டர்வொர்த் விளக்குகள். அவற்றுக்கு மேலே, அணையப்போகிற அடுப்புக்கரி மாதிரி, மங்கிய சிவப்பில் ஒரு உருண்டை.

“அண்ணே,” என்றாள் சந்திரிகா, “அங்க ஏதாச்சும் ஃபேக்டரி தீப்புடிச்சிருச்சா?”

ஒரு வாரமும் மூன்று நாளும் அடித்துக்கொண்ட விஷயம், இப்போது எங்கள் முகத்துக்கு நேராகத் தொங்கியது. கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் மெதுவாக, “கிரகணம்...” என்றது. உடனே சிரிப்பு. அடக்க அடக்கப் பொங்கும் சிரிப்பு.

“எனக்கு முன்னாடியே தெரியும்” என்றான் கோகுலன், முக்காலியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு. “பேசிக்கலி, அண்ணனே சொல்லட்டும்னு இருந்தேன்.”

அண்ணன் அப்போது என்ன செய்திருக்க வேண்டும்? உட்கார்ந்திருக்க வேண்டும். நிழல் விலகும் வரை எல்லாரும் தண்ணீர் குடித்துக்கொண்டு கதை பேசியிருக்கலாம். பந்தயத்தில் நேரம் குறிக்கவில்லை. நிதானமாக ஏறி ஜெயித்திருக்கலாம். ஆனால் சிரித்துவிட்டார்களே. உட்கார்ந்தால் கிரகணத்துக்காக உட்கார்ந்தது போலாகும், அக்கா சொன்னது சரியென்று ஆகும், கோகுலன் முக்காலியை விரிப்பான்.

“க்ர்ர்... அட்மின் சொல்றேன். முன்னால இருக்கிறவங்க தோள்ல கைய வையுங்க. நான் இந்தப் பாதைய கண்ண மூடிக்கிட்டு ஏறுவேன். வாங்க.”

வைத்தோம். வயது வந்த ஆண்களும் பெண்களும், வங்கி அலுவலரும் இன்ஜினியரும், பாலர் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி தோளில் கை வைத்து ரயில் விட்டுக்கொண்டு கொடிமலை ஏறினோம். ஒருவர் “கூ” என்றுகூடச் சொன்னார். எஞ்சின் வேகமாகப் போனது. கோபத்தில் போகிற எஞ்சின் வளைவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. பாதை இடது பக்கம் திரும்பியது. அண்ணன் திரும்பவில்லை.

அவருக்குப் பின்னால் இருந்தவள் சந்திரிகா. கையில் இருந்த தோள் திடீரென்று கீழே போனதை உணர்ந்து கையை எடுத்துவிட்டாள், அதனால் பிழைத்தாள். தடதடவென்று காய்ந்த இலைச் சத்தம். பிறகு ஒரு ‘தொப்’. பிறகு ஒன்றுமில்லை.

“அண்ணே!”

“லைட்ட அடிக்காதீங்க!”

சத்தம் கீழேயிருந்து வந்தது. பாதை ஓரத்து லோங்காங்கிலிருந்து. இடுப்பளவு ஆழமான சிமென்ட் சாக்கடை, மழை இல்லாததால் சருகு மட்டும்.

“அண்ணே, அடி பட்டிருச்சா?”

“லைட்ட அடிக்காதீங்கன்றேன்ல! எவனாச்சும் அடிச்சீங்க, பாத்துக்குங்க!”

“கால் ஒடஞ்சிருந்தா, பேசிக்கலி...”

“ஒடஞ்சா ஒடையட்டும்! அணை... அணைச்சே வையி!”

மேலே நாங்கள் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றோம். ஹெட்லேம்ப் விரலில் தட்டுப்பட்டது. ஒருவரும் அழுத்தவில்லை. பயமா, மரியாதையா, வேடிக்கை பார்க்கும் ஆசையா என்று தெரியாது. மூன்றும்தான். எங்கள் தலைவர் சாக்கடையில் படுத்துக்கொண்டு பதவியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் காப்பாற்றியும் இருப்பார்.

அப்போது சாக்கடைக்குள் கோயில் மணி அடித்தது. டாங், டாங், டாங். கூடவே குபீரென்று ஒரு வெள்ளை வெளிச்சம். அண்ணனின் சட்டைப் பையில் இருந்த போன். வெளிச்சத்தைக் குறைக்கும் இடம் எது என்று அவருக்குத் தெரியாததால், அது எப்போதும் முழுப் பிரகாசத்தில்தான் இருக்கும். அந்த ஒளியில் அண்ணனின் தாடை, தலையில் ஒட்டிய சருகு, விசில், முழங்காலுக்குப் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு குண்டுத் தவளை எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. அணைக்கப் போய்த் தப்பான இடத்தில் அழுத்தினார். ஸ்பீக்கர் திறந்துகொண்டது.

“ஏங்க. எங்க இருக்கீங்க?” லோகேஸ்வரி அக்கா.

“மலையில.”

“மலையில எங்க?”

“...கொஞ்சம் கீழ.”

“என்ன, கெணத்துக்குள்ள பேசுற மாதிரி கேக்குது?”

“காத்து.”

“அக்கா!” என்று சந்திரிகா மேலிருந்து கத்தினாள். “அண்ணன் லோங்காங்ல விழுந்துட்டாருக்கா!”

அந்தப் பக்கமிருந்து கிளினிக் குரல்: “ரத்தம் வருதா?”

“தெரியலக்கா. வரல போலிருக்கு.”

“சரி. வீட்டுக்கு வந்ததும் தலையோட குளிச்சிட்டுதான் உள்ள வரணும்னு சொல்லு.” போன் அடங்கியது. மறுபடி இருட்டு.

சாக்கடையிலிருந்து தொண்டை உதைபட்டது. “க்ர்ர்... போன் வேற, லைட்டு வேற.”

“அண்ணே, பேசிக்கலி, எரிஞ்சா லைட்டுதான்.”

“அது ஸ்க்ரீன்டா! லைட்டுங்கிறது டார்ச். ஹெட்லேம்ப். ஸ்க்ரீன எவன்டா லைட்டும்பான்? ஹெட்லைட் விக்கிறவன் நான், எனக்கு நீ சொல்லித் தர்றியா?”

வாதம் ஏற ஏற அவர் குரல் பலமானது. கால் வலிக்கு நல்ல மருந்து. இரண்டொருவர், “ஆமா, போன் கணக்குல வராதுல்ல” என்று முணுமுணுக்கக்கூடத் தொடங்கினார்கள். சந்திரிகா மட்டும் லோங்காங் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ரொம்ப அன்பாகக் கேட்டாள்.

“அண்ணே, அந்தத் தவள இன்னும் அங்கயே இருக்கா?”

“உன் பக்கம் தாவிச்சோ என்னவோ. குண்டா ஒண்ணு இருந்துச்சு, நான் பாத்தேன்.”

“எப்படிண்ணே பாத்தீங்க?”

கோகுலன் சொடுக்கினான், அவனுடைய ஹெட்லேம்ப் எரிந்தது. அதன் பிறகு பட்பட்டென்று எல்லாம் எரிந்தன. ஆறேழு வெளிச்சம் ஒரே இடத்தில் விழ, சாக்கடைக்குள் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் எங்கள் அட்மின். கணுக்கால் பன் மாதிரி வீங்கியிருந்தது.

ஆளுக்கொரு தோள் கொடுத்து இறக்கினோம். பாதி வழி வந்தபோது சிவப்பு உருண்டையின் ஓரத்தில் நகம் வெட்டிப் போட்ட மாதிரி ஒரு வெள்ளைக் கீற்று. பூங்கா வாசலுக்கு வந்தபோது அது தேங்காய்ப் பத்தை அளவுக்கு வளர்ந்து, ரோடு முழுக்கப் பால் ஊற்றிவிட்டிருந்தது. ஹெட்லேம்ப் தேவையே இல்லை. ஆனாலும் ஒருவரும் அணைக்கவில்லை. அண்ணன் நிலாவை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். கடைசி பஸ்ஸுக்கு ஓடிவந்தவன் புறப்பட்டுப்போகும் பஸ்ஸைப் பார்க்கிற பார்வை.

ஞாயிற்றுக்கிழமை பதவி ஒப்படைப்பு. டத்தோ கிராமாட் ஃப்ளாட்டுக்குக் கீழே இருக்கும் சாப்பாட்டுக் கடையில், கட்டுப் போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். எதிரில் தே தாரிக், நுரைக்க ஆற்றிய டீ, சீனி இல்லாமல். போனை மூக்குக்கு நேரே தூரமாகப் பிடித்து, கோகுலனை அட்மின் ஆக்க ஒரு இடத்தை அழுத்தினார். கோகுலனின் போன் சிணுங்கியது. அவனைக் குழுவை விட்டே நீக்கியிருந்தார்.

“தெரியாம பட்டுருச்சு” என்றார். முகத்தில் அப்படி ஒன்றும் வருத்தம் இல்லை.

சந்திரிகா போனைப் பிடுங்கி முறையாக முடித்துவைத்தாள். புது அட்மின் உடனே ஆட்சியைத் தொடங்கினான். அடுத்த மாதத்திலிருந்து எல்லாருக்கும் பளபளக்கும் மஞ்சள் மேல்சட்டை, புறப்படும் முன் பத்து நிமிஷம் பாதுகாப்பு விளக்கம், விசில் அட்மினிடம். அண்ணன் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி, தே தாரிக் கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம் கோகுலன். பெருந்தன்மை அவனை விடவில்லை.

“அண்ணே, நீங்க வராம இருக்கக்கூடாது. பேசிக்கலி, நீங்க நம்ம ஆலோசகர். வயசாயிருச்சு, கால் வேற இப்படி. பின்னாடி வரிசையில மெதுவா வாங்க, வழிய நாங்க காட்டுறோம்.”

கடையில் மூன்று மேசை திரும்பிப் பார்க்கும்படி தொண்டை இரண்டு முறை உதைபட்டது. மூன்றாவதில் வண்டி கிளம்பியது.

“பின்னாடி வரணுமா? டேய் கோகுலா, அந்த வளைவுல லோங்காங் இருக்குன்னு உனக்கு எப்படிடா தெரிஞ்சது? நான் விழுந்து தெரிஞ்சது! முன்னாடி போறவன் விழுவான், பின்னாடி வர்றவன் பாத்து நடப்பான், மலைன்னா அதான். அட்மின எடுத்துக்க, விசில எடுத்துக்க, அந்த மஞ்சச் சட்டையையும் மாட்டிக்க. ஆனா எனக்கு வழி காட்டுறேன்னு மட்டும் சொல்லாத. கால் சரியாவட்டும், உனக்கு முன்னாடி போயி இன்னொரு லோங்காங் பாத்து வைக்கிறேன் லா!”